எஸ்டேட் கைமணம்

“எஸ்டேட்டுப் புள்ளைக்கு டீ போடச் சொல்லியா தரணும்? போட்டுக் கொண்டா. நல்லா இருந்துச்சுன்னா இன்னைக்கே உன்னை எங்க கேங்ல சேத்துக்கறோம்” என்றாள் ராஜப்ரியா.

குன்னூரில் அந்தக் கல்லூரி விடுதியின் மாடி மூலை அறை என்றாலே தனி கெத்து. அங்கிருக்கும் ஐந்து பேரும் கோயமுத்தூர்ப் பெண்கள். சாப்பாடு, சினிமா எல்லாம் ஒன்றாகத்தான். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த சுகந்தியோ, சேர்ந்த நாள் முதல் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுகிறாள். அவர்கள் மேசையில் ஓர் இடம் கிடைக்காதா என்ற ஏக்கம் பாவம், அவளுக்கு.

“அக்கா, எங்கப்பா ஃபேக்டரி ஆபீஸ்ல கிளார்க்குங்க...”

“அதனால என்ன? உங்க ரத்தத்துலயே டீதானே ஓடும்!”

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்து வைத்தாள்.

“நானும் கூடப் போறேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டிடப் போறா” என்று முகம் சுளித்தபடி எழுந்தாள் வர்ஷா. ஐவரில் அவளுக்குத்தான் அலட்டல் அதிகம். மில் முதலாளியின் மகளாம்.

“உனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதேடி!” என்று ராஜப்ரியா கிண்டலடித்தாள்.

சற்று நேரத்தில் டீ வந்தது. ஒரு வாய் குடித்ததும் ராஜப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாத்தீங்களாடி? எஸ்டேட் கைமணம்னா எஸ்டேட் கைமணந்தான்! சுகந்தி, இனிமே நீ எங்ககூடத்தான் சாப்பிடறே.”

சுகந்திக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க, டம்ளர்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே வர்ஷாவும் வந்தாள்.

“ஏனுங்க்கா, நீங்க மட்டும் வரலைன்னா என் மானமே போயிருக்கும். எங்கூட்டுல எல்லாரும் காப்பிதானுங்க. டீத்தூள் எவ்வளவு போடறதுன்னுகூட எனக்குத் தெரியாது.”

“மெதுவாப் பேசு கண்ணு. போட்டது நான்னு அவங்களுக்குத் தெரிஞ்சா வம்பு.”

“மில் ஓனர் ஊட்டுப் பொண்ணு, இத்தனை நல்லா எங்க கத்துக்கிட்டீங்க?”

வர்ஷா மிச்சமிருந்த டீயை டம்ளரில் ஊற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றி அவளிடம் நீட்டினாள்.

“காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட, எங்கப்பா கடையில. எட்டாவது படிக்கறப்ப இருந்து சாயங்காலமானா அங்க டீ மாஸ்டர் நான்தான்.”