ஓசி வண்டல்

கன்னியம்மாவுக்கு நன்றி கெட்டவள் என்று ஊரே பேர் வைத்துவிட்டது.

பின்னே இல்லையா? உப்பங்கழி ஓரம் இறால் குட்டை வெட்டி எடுத்த கருப்பு மண்ணை ஊர்ப் பெரிய மனிதர் பூவராகவன் கோடையில் அவளுடைய குத்தகை வயலில் டிராக்டர் டிராக்டராகக் கொட்டிக் கொடுத்தார். ஏரி வண்டல் அடித்தால் நெல் எப்படி எழும்பும் என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அவரோ ஓசியிலேயே கொடுத்தார். விவசாயிகளின் தோழன் என்று பேனர்கூட வைத்தார்கள்.

இவள் என்ன செய்தாள்? நாலு பேர் நிற்கிற டீக்கடையில் போய் அவரிடமே, "அண்ணே, உங்க மண்ணு போட்டதுலேர்ந்து பயிரு செவந்துகினே போவுது" என்றாள்.

டீக்கடை சிரித்தது. பத்து வருஷம் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவளுக்கு நாற்றைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். களை எடுக்கச் சோம்பல், பழி மண்ணு மேலே என்றார்கள்.

"வுடுங்கப்பா," என்றார் பூவராகவன் பெரிய மனசோடு. "நல்லது செஞ்சா இப்டித்தான்."

வேலையை விட்டுவிட்டு அவள் வைத்த முதல் பயிர் அது. இது போனால் குத்தகையும் போய்விடும், மறுபடி கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். அதனால் வெட்கம் பார்க்காமல் வேளாண்மை ஆபீசர் பிரின்சியைக் கையோடு அழைத்து வந்தாள். வேடிக்கை பார்க்க டீக்கடையும் வரப்புக்கு வந்தது. முன்னால் நின்றவர் பூவராகவன்.

பிரின்சி ஒரு தூரைப் பிடுங்கினாள். இலையெல்லாம் துருப்பிடித்த நிறம். வேர் கறுத்துக் குட்டையாய் நின்றது. வயல் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். எலுமிச்சைச் சாறு கணக்காய்ப் புளிப்பு ஏறியிருந்ததாம்.

"இது வண்டல் இல்லீங்க, கழி மண்ணு. தண்ணிக்குள்ள கெடக்குற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. வெளிய எடுத்து காத்து பட்டா, அதுல இருக்குற கந்தகம் ஆசிடா மாறிடும். வேர் கருகிடும்."

கூட்டம் பூவராகவனைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பிரின்சிக்கே பாவமாகிவிட்டது. தெரியாமல் செய்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, படித்தவர்களே ஏமாறுகிற மண் இது என்று சமாதானம் சொன்னாள். பார்த்தாயா, அவர் மேல் தப்பில்லை என்று டீக்கடைக்கு உயிர் வந்தது. கன்னியம்மாவும் தலையாட்டினாள். அவளுக்குத் தேவை நியாயம் இல்லை, பயிர்.

"இதக் காப்பாத்த எதுனா வழி இருக்குதா மேடம்?"

"தண்ணிய வத்த வுடாதீங்க. சுண்ணாம்பு போட்டுப் பாக்கலாம்."

ஊரில் யோசனை சொல்கிற உரிமை பூவராகவனுக்கு மட்டும்தான். நேற்று வந்த பெண் பிள்ளை சொன்னால் அவருக்குப் பொறுக்குமா?

"சுண்ணாம்பெல்லாம் வேலைக்கு ஆவாது மேடம்," என்றார். "போன வருஷம் இதே மண்ணுக்கு என் வயல்ல பத்து மூட்ட கொட்டிப் பாத்துட்டேன். அந்த மண்ண மொத்தமா வழிச்சு வெளிய தள்ளுனப்புறம்தான் என் நெலமே பொழச்சுது."