குதிருக்குக் காவல்

தினை நிறைந்த மண்குதிரும், அதன்மேல் சாய்ந்திருந்த கிழங்கு தோண்டும் கோலும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே புகை தெரிந்தது. நேற்றைவிட இன்று பக்கத்தில் தெரிந்தது.

“யாரோ வர்றாங்க,” என்றது குதிர்.

“வரட்டுமே. நாம கிளம்பிடுவோம்,” என்றது கோல். “புலி வந்தப்போ கிளம்பலையா? ஆறு வத்தினப்போ கிளம்பலையா? நம்ம சடைச்சி பிள்ளையை முதுகில கட்டிக்கிட்டு என்னைக் கையில எடுத்தா ஆச்சு. அடுத்த காட்டுல கிழங்கு இல்லாமலா போயிடும்?”

“என்னை யாரு தூக்குவா?”

ஆறு பேர் சேர்ந்து தள்ளினாலும் குதிர் அசையாது.

அப்போது சடைச்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கோலை எடுத்து, நுனியைத் தீயில் வாட்டி, கல்லில் தேய்த்துக் கூராக்கினாள். கிழங்குக்குப் போகும் முன்பு எப்போதும் அவள் செய்வதுதான்.

“பார்த்தியா, கிளம்பியாச்சு!” என்று கத்தியது கோல்.

அவள் கிளம்பவில்லை. குதிரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கோலின் நுனி மண்ணைப் பார்க்கவில்லை. ஆள் நெஞ்சு உயரத்துக்கு நீண்டிருந்தது.

“சடைச்சி, மண்ணு கீழ இருக்கு,” என்றது கோல். அவளுக்குக் கேட்கவில்லை.

புதர் விலகியது. முதுகில் பிள்ளையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் கையிலும் ஒரு கோல் இருந்தது. கிழங்கு தோண்டியபோது அதன் நுனியில் ஒட்டிய ஈரமண் இன்னும் காயவில்லை.