தூங்கவைக்கும் பின்

மூன்று வாரமாகக் கண் திறக்காத நாற்பது கேமரா போர்டுகளையும் குப்பையில் போடச் சொல்லிவிட்டார் மேலாளர் பெலிக்ஸ். பொறியாளர் இன்சுவைக்கு மனம் ஒப்பவில்லை. கேமராவின் விவரங்கள் அடங்கிய டேட்டாஷீட்டை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

"சார், இந்தப் பின்னுக்கு வோல்டேஜ் குடுத்தா கேமரா தூங்கிடும். பழைய மாடல்ல இது நேரெதிர். எழுப்புறோம்னு நெனச்சு இத்தனை நாளாத் தூங்க வச்சிருக்கோம்."

கேமராவை இயக்கும் டிரைவர் நிரலில், எழுப்பும் வரியிலிருந்த ஒன்று என்ற எண்ணை அழித்துப் பூஜ்யம் அடித்தாள். மேசையில் மல்லாந்து கிடந்த கேமரா கண் திறந்தது; கணினித் திரையில் கூரை மின்விசிறி சுழன்றது.

"மூணு வாரம் மல்லாடி மாத்துனது ஒத்தை எண்ணா?"

"ஆமா சார். ஒத்தை எண்தான்."

இன்சுவை கேமராவின் மேல் குனிந்தாள். அது முதன்முதலாகப் பார்த்த மனித முகம் பெருமையில் மோவாயைச் சற்று உயர்த்தியிருந்தது.