மலை ரயிலுக்கு மூணு நாள் லீவு

“லீவு லெட்டர்ல நைனா சீரியஸ்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்றான் பாக்கியராஜ், குரலைத் தாழ்த்தி.

சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த புஷ்பவல்லியின் கை அப்படியே நின்றது.

“இன்னாங்க இது! நல்லா இருக்கிற மனுசனப் போய்...”

“வேற வழி? ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன் வாரம், யாருக்கும் லீவு கிடையாதுன்னுட்டாரு நாகேஷ் சார். கல்யாணம், காதுகுத்துன்னா காதுலயே வாங்கமாட்டாரு. இதுக்குத்தான் மனசு எறங்குவாரு.”

“எறங்குனாரா?”

“பாக்கலாம்னாரு. ரெண்டு நாளாச்சு, இன்னும் கையெழுத்து போடல.”

வெள்ளிக்கிழமை பங்காருப்பேட்டையில் ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில். ஃபேக்டரியில் சேர்ந்த பதினோரு வருஷத்தில் குடும்பத்தோடு போகிற முதல் டூர் இது. இரண்டு மாதம் முன்பு, புக்கிங் திறந்த நிமிஷத்திலேயே முண்டியடித்துப் பிடித்த நாலு டிக்கெட். அவன், புஷ்பவல்லி, மகள் சுனிதா, சின்னவன் விநாயக்.

அப்பா துரைக்குப் போடவில்லை. தங்கச் சுரங்கத்தில் தூசி தின்ற நெஞ்சு, மலைக் குளிர் ஆகாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வியாழன். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நாகேஷ் கூப்பிட்டார்.

“ஏம்பா, ஆண்டர்சன்பேட்டைல உன் வீடு எந்தப் பக்கம்?”

“எ... எதுக்கு சார்?”

“உங்கப்பாவ ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன். வழிய சொல்லிட்டு நீ முன்னாடி போ.”

பாக்கியராஜ் பைக்கை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வாசலில் துரை பேத்தியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். சுனிதா புது ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு வேர்த்து வழிந்தாள்.

“புஷ்பா! சார் வராரு! நைனாவப் பாக்க வராரு!”

ஹாலில் அடுக்கியிருந்த பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. கொடியில் தொங்கிய விநாயக்கின் ஸ்வெட்டர் பீரோவுக்குள் போயிற்று. அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

“நைனா... கொஞ்ச நேரம் உள்ள வந்து படுத்துக்கிறீங்களா?”

துரை ஏன் என்று கேட்கவில்லை. கேரம் காய்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டு எழுந்தார்.

“போர்வை போத்திக்கணுமா?” என்றுதான் கேட்டார்.

போர்த்தி முடிக்கவும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நாகேஷ் கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கீங்க பெரியவரே?”

துரை இருமினார். பாக்கியராஜே பயந்துபோகிற மாதிரி இருமினார்.

“மூச்சு வாங்குது சார். மகன் பக்கத்துல இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

“தாத்தா இப்பதானே கேரம்ல என்னை...” என்று ஆரம்பித்த சுனிதாவின் வாயில் புஷ்பவல்லி ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள்.

நாகேஷ் குழந்தையைப் பார்த்தார். “இந்தப் புழுக்கத்துல குல்லாவா?”

“காய்ச்சல் சார் இவளுக்கு” என்றாள் புஷ்பவல்லி. அடுத்த பொய்.

பாக்கியராஜுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டூர் போனது போகட்டும். பொய் எழுதிக் கொடுத்ததற்கு மெமோ வந்தால்? கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலால் மெதுவாக உள்ளே தள்ளினான்.

நாகேஷ் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. துரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

“உடம்பப் பாத்துக்கோங்க. வரேன்.”

வழியனுப்பத் தெருமுனை வரை கூடவே போனான் பாக்கியராஜ். நாகேஷ் தள்ளிக்கொண்டு வந்த ஸ்கூட்டரை நிறுத்திச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவனுடைய லீவு லெட்டர். கீழே கையெழுத்து இருந்தது.

“ரொம்ப தேங்க்ஸ் சார். நைனா நெலமை உங்களுக்கே...”

“காலைலயே போட்டுட்டேன்பா. உங்கப்பா ஃபேக்டரி கேட்டுக்கு வந்திருந்தாரு.”

“நைனாவா? கேட்டுக்கா?”

“செக்யூரிட்டி உள்ள விடல. நான் வெளிய வர வரைக்கும் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுருக்காரு. வீட்ல நீங்க பேசுனது அவர் காதுல விழுந்துருக்கு. ‘எனக்கு ஒண்ணுமில்ல சார், மகன் எழுதுனது பொய்தான். பசங்க மலை ரயிலப் பாத்ததில்ல, அந்த ஆசைல எழுதிட்டான். அவன் மேல கோவப்படாதீங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

பாக்கியராஜ் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அப்புறம் எதுக்கு சார் வீட்டுக்கு...”

“அந்த மனுசன இன்னொரு தடவை பாக்கணும்போல இருந்துச்சு.”

நாகேஷ் ஸ்கூட்டரைக் கிளப்பினார். கிளப்பியவர் திரும்பிச் சொன்னார்:

“என்கிட்ட இன்னொண்ணும் கேட்டுக்கிட்டாருப்பா. ‘மலைல மழை புடிச்சுக்கிச்சுன்னா பசங்க திரும்பி வர லேட்டாகும் சார். லீவ இன்னும் ரெண்டு நாள் சேத்துக் குடுங்க. அதுவரைக்கும் நான் சீரியஸாவே இருக்கேன்’னாரு.”