எட்டாம் கட்டில் குடிகாரன்

"குடிச்சியே, குடிச்சியே! வயித்துக்குள்ள கல்லு கட்டுற அளவுக்குக் குடிச்சியேடா பாவி! இப்ப உருளு!"

எட்டாம் கட்டில் அம்மா ஆரம்பித்துவிட்டார். வார்டில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. பதினோராம் கட்டிலில் ஆக்சிஜன் வைத்திருந்த பெரியவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நாலு நாளாக இதே கச்சேரி. வார்டு அவருக்கு வைத்திருந்த பெயர் லவுட்ஸ்பீக்கர்.

சிஸ்டருக்குக் கால் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. இரண்டு மணிக்கு வரவேண்டிய மாற்று ஆள் வரவில்லை. இப்போது மணி மூன்றரை.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மத்தவங்களும் படுத்திருக்காங்கல்ல?"

"நீ இரும்மா. குடிகாரனைப் பெத்தவளுக்கு மெதுவாப் பேச வருமா?"

குடிகாரன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். முப்பத்திரண்டு வயது, லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ போய்விட்டது. சட்டையை அவன் போட்டிருக்கிறானா, சட்டை அவனைப் போட்டிருக்கிறதா என்று தெரியவில்லை.

அம்மா வெந்நீர் பிடிக்கப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். உடனே ஒன்பதாம் கட்டில் மஞ்சள் காமாலைக்காரர் தலையை நீட்டினார். அவர் அந்தத் துறையில் கரைகண்டவர்.

"தம்பி, நமக்குள்ள என்ன? எந்தச் சரக்கு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "அதான்ணே... பச்சையா இருக்கும்ல, அது."

"பச்சையா? நான் கண்ணால பார்த்ததே இல்லையேப்பா!" என்று மரியாதையோடு ஒருக்களித்துப் படுத்தார் அவர்.

சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு வலி ஊசியைப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? பெரிய டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

அந்த வலியிலும் அவனுக்குக் குறும்பு போகவில்லை. பெரிய டாக்டரின் மூக்கடைத்த குரலை அப்படியே இறக்கினான். "'இதோ பாருப்பா, சோத்தைச் செரிக்கவேண்டிய நீரு உன் கணையத்தையே செரிச்சுக்கிட்டிருக்கு. வெந்து வெந்து தழும்பாகி, கல்லு கட்டிப்போச்சு. சர்க்கரை வந்தது அதாலதான். திங்கிற கொழுப்பெல்லாம் செரிக்காம வெளியே போறது அதாலதான். பக்கத்துல ஒரு நீர்க்கட்டி வேற. நீ குடிக்கவே இல்லை. இது பரம்பரை. தாய்வழியில வந்திருக்கு.'"

"நடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதை அம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"ஒத்தை ஆளா என்னை வளர்த்தவங்க சிஸ்டர். தன் ரத்தத்துலேருந்துதான் இது எனக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா, சாப்பிடுவாங்களா, தூங்குவாங்களா? குடிகாரன்னே நினைச்சுத் திட்டட்டும். திட்டினாலாவது அம்மாவுக்குப் பசிக்கும்."

சிஸ்டர் காலி ஊசியைத் தட்டில் போட்டார். வாய் திறக்கமாட்டேன் என்று நாலு நாள் முன்னால் அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். பெரிய டாக்டரையும் ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்.

திரை விலகியது.

"என்னடா சிஸ்டர்கிட்ட கதை? கஞ்சி குடிக்கும்போதே அந்த மாத்திரையை முழுங்கச் சொன்னாங்கல்ல, முழுங்கினியா? சரக்குன்னா மட்டும் சொல்லாமலே இறங்கும்!"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாந்திதான் வந்தது. சிஸ்டர் பாத்திரத்தைப் பிடிப்பதற்குள் பாதி போர்வையில் போனது.

"எடு, நல்லா எடு! குடிச்சதெல்லாம் வெளியே வரட்டும்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, இனிமே குடிக்கலை" என்றான்.

சிஸ்டருக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. சத்தியமாவது, ஒண்ணாவது! இந்தப் பொம்பளைக்கு உண்மை தெரிந்தே ஆகவேண்டும்.

"கொஞ்சம் வெளியே வாங்க."

வராந்தாவில் கை கழுவும் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். அழுக்குப் போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்தபடி அம்மா பின்னால் வந்தார்.

"அம்மா, நாலு நாளாப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன். உங்க மகன் குடி..."

"குடிக்கமாட்டான்."

லவுட்ஸ்பீக்கர் எங்கே போனதென்று தெரியவில்லை. சிஸ்டர் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"பத்து வயசுல இதே மாதிரி உருண்டானேம்மா, அப்ப எந்தக் கடைக்குப் போய்க் குடிச்சான்? என் அப்பாவும் இதே வலியிலதான் போனாரு. என் தம்பியும் இதுலதான் போனான். இது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு டாக்டர் வந்தா சொல்லணும்?"

அம்மா குழாயைத் திறந்து போர்வையை அலச ஆரம்பித்தார்.

சிஸ்டர் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏம்மா... ஊரே கேக்குற மாதிரி அவரை அந்தத் திட்டு திட்டுறீங்க?"

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானேம்மா புள்ள அந்தப் பழியைச் சுமக்குறான்? ஒரே ஒரு வேளை நான் திட்டாம விட்டாலும், எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிருவானே!"