கார்மைன் போட்ட சட்டம்

"துப்பாக்கி உன் வண்டியில. தோட்டா என் வண்டியில. ரெண்டும் ஒரே வண்டியில போகக் கூடாது. சட்டம்டா!"

கையை நீட்டிக்கொண்டு நின்றார் கார்மைன். முணுமுணுத்தபடியே தோட்டாப் பெட்டியை அந்தக் கையில் வைத்தார் எம்மெட்.

ஞாயிற்றுக்கிழமை காலை. துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டியாயிற்று. சின்ன வயசிலிருந்தே சிநேகிதர்கள்.

"ஒரே இடத்துக்குப் போக ரெண்டு வண்டியா? பெட்ரோல் என்ன உங்கப்பன் கிணத்துலயா ஊறுது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவுல எப்படி வேணா கொண்டு போவானுங்க. இது நியூஜெர்சி. கழுத்தைப் பிடிச்சிடுவாங்க."

"போன வாரம் ஒரே வண்டியிலதானேடா போனோம்?"

"போன வாரம் போன வாரம். இப்ப மாத்திட்டாங்க. பேப்பர் படிச்சாத்தானே உனக்குத் தெரியும்?"

துப்பாக்கிப் பெட்டியின் பூட்டை நன்றாக இழுத்துப் பார்த்து, டிக்கியில் வைத்து மூடினார் கார்மைன். சாவி வழக்கம்போல் அவர் சட்டைப் பைக்குள் போனது.

"இன்னிக்காவது சாவியைக் குடேன்டா."

"துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் கையில சாவி இருக்கக் கூடாது. திரும்பி வந்த பிறகும் என்கிட்டதான் இருக்கணும்."

"அதுவும் சட்டமா?"

"அதுவும் சட்டம்."

பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன். சாலையோர உணவுக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார் கார்மைன்.

"இங்க எதுக்கு?"

"வெறும் வயித்தோட துப்பாக்கி கொண்டு போறவனுக்கு ரெண்டு மடங்கு அபராதம்."

"எவன்டா இதையெல்லாம் எழுதறான்?"

"எழுதிட்டான். தின்னு!"

முட்டையும் பன்றி இறைச்சியும் சீஸும் வைத்த பெரிய ரொட்டி வந்தது. எம்மெட் கடைசி வாயை விழுங்கும்வரை, பரீட்சை ஹாலில் வாத்தியார் நிற்பதுபோல் பக்கத்திலேயே நின்றார் கார்மைன்.

மறுபடி கிளம்பினார்கள். எம்மெட் முன்னால். பின்னால் கார்மைனின் பிக்கப் வண்டி, நான்கு விளக்குகளும் மின்ன, கல்யாண ஊர்வலம்போல் ஊர்ந்து வந்தது.

சும்மா விடுவார்களா? நெடுஞ்சாலை போலீஸ் இரண்டு வண்டியையும் ஓரங்கட்டியது. இறங்கி வந்தது ஓர் இளம்பெண். சட்டையில் 'பெலோஸ்' என்று பெயர்.

எம்மெட் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டார்.

"டிக்கியில துப்பாக்கி இருக்கும்மா. குண்டு போடல. பெட்டி பூட்டியிருக்கு."

"சாவி?"

"பின்னாடி வண்டியில."

"தோட்டா?"

"அதுவும் அங்கதான்."

"ஏன்?"

"சட்டமாம்."

பெலோஸுக்குச் சிரிப்பு வந்தது. கார்மைனைக் கூப்பிட்டாள்.

"எந்தச் சட்டம் சார் இது?"

அதுவரை முழங்கிக்கொண்டிருந்த கார்மைன் தன் ஷூவைப் பார்த்தார். "அது... புதுசா..."

"போலீஸுக்கே தெரியாம புதுசா? துப்பாக்கியில குண்டு இருக்கக் கூடாது, பெட்டியைப் பூட்டி டிக்கியில வைக்கணும். அவ்வளவுதான். இந்த வயசுல அவரை ஏன் இப்படிப் படுத்தறீங்க? சாவியை அவர்கிட்ட குடுங்க."

கார்மைனின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"குடுக்க மாட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஜெயில்ல வேணா போடுங்க மேடம். சாவியைக் குடுக்க மாட்டேன்."

பெலோஸின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "போய் உங்க வண்டியில உட்காருங்க. வரேன்."

கார்மைன் போனதும், எம்மெட் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"அம்மா, அவனை விட்டுடு. இந்த மாவட்டத்துல வேட்டைக்காரங்களுக்குத் துப்பாக்கிச் சட்டம் சொல்லிக் குடுத்ததே நான்தான். அவனும் என் வகுப்புல உட்கார்ந்தவன். ரெண்டு தடவை ஃபெயில்."

"அப்ப, இவர் விடறதெல்லாம் புளுகுன்னு தெரிஞ்சுமா..."

"என் பொண்டாட்டி லோர்னா போன அக்டோபர்ல போயிட்டா. அடக்கம் முடிஞ்சு வரும்போது, 'இனிமே எனக்கு என்னடா இருக்கு'ன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மறுநாளே வந்து முதல் சட்டத்தைப் போட்டான். சாவியை வாங்கிட்டுப் போனான். அப்புறம் வாராவாரம் ஒண்ணு சேருது."

எம்மெட் கண்ணாடி வழியே பின்வண்டியைப் பார்த்தார்.

"இப்பப் பரவாயில்லம்மா. ஆனா அந்தச் சாவி என்கிட்ட இருந்திருந்தா, இந்தப் பனிக்காலத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். கூச்சப்படுவான்."

பெலோஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தாள்.

கார்மைன் இரண்டு மணிக்கட்டையும் விலங்குக்கு நீட்டித் தயாராக வைத்திருந்தார்.

"சார், மன்னிக்கணும். வயர்லெஸ்ல கேட்டுட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. சாவி உங்ககிட்டயேதான் இருக்கணும்."

கார்மைனின் வாய் பிளந்தது. "நிஜமாவா? அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"இருக்கு. இன்னொண்ணும் வந்திருக்கு. தினமும் காலையில அவர் வீட்டுக்குப் போய் நீங்க பூட்டைச் சரிபார்க்கணும். ஒரு நாள் தவறினாலும் உங்களைத்தான் பிடிச்சு உள்ள போடுவேன்!"