கழுவாத கல்லறை

“அவரு உங்க பிரெண்டுதானப்பா, அப்புறம் ஏன் கும்பிடாம நிக்கிறீங்க?”

பள்ளிக்கூடத்தில் புகழேந்தியின் படத்துக்கு மாலை போட்ட அன்று மகள் கலைப்பிரியா கேட்டது. மணிமாறன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

எல்லையில் உயிரை விட்டவனுக்காக ஊரே கண் கலங்கும்போது, அவன் என் காலை வாரிவிட்டவன் என்று எப்படிச் சொல்வது?

விழுப்புரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்த அன்று நடந்தது. இருவரும் விடியலில் புதுச்சேரி ரோட்டில் ஒன்றாக ஓடிப் பழகியவர்கள். எடை குறைந்துவிடக் கூடாதென்று பஸ்ஸிலேயே ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் தின்றார்கள். கடைசிச் சுற்றில் மணிமாறன் முந்தினான். பக்கத்தில் வந்த புகழேந்தியின் கால் வேண்டுமென்றே குறுக்கே நீண்டது.

விழுந்தவன் தலைதூக்கியபோது புகழேந்தி கோட்டைத் தாண்டியிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ராணுவ ஆசையும் அதோடு போயிற்று.

விடுப்பில் வரும்போதெல்லாம் புகழேந்தி, மணிமாறன் திண்டிவனத்தில் போட்டிருந்த பஞ்சர் கடை வாசலில் வந்து நிற்பான். மணிமாறன் டியூபை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். பிறகு ஒருநாள் கொடி போர்த்திய பெட்டி வந்தது. அன்றைக்கும் அவன் போகவில்லை.

இன்று கல்லறைத் திருநாள். வகுப்புத் தோழர்கள் அவனை வேனில் ஏற்றிக் கிளியனூர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எங்கு பார்த்தாலும் புதுச் சுண்ணாம்பும் செவ்வந்தியும். புகழேந்தியின் கல்லறை மட்டும் பாசி படிந்து கிடந்தது.

“மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்காதடா. ஜல்தியா வா, செல்பி எடுக்கணும்” என்றான் செல்வகுமார். மலர்வளையத்தோடு படம் எடுத்துக்கொண்டு வேனுக்குத் திரும்பினார்கள். பின்னால் நடந்த மணிமாறனை ஒரு கை நிறுத்தியது. புகழேந்தியின் தாய் சவுரியம்மாள்.

“போன வருசம் வரைக்கும் உங்கம்மாதான் தம்பி இத்தக் கழுவி வெள்ளையடிப்பாங்க. யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடுவாங்க. நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது. எனக்குக் குனிய முடியல, இந்த வருசம் இப்பிடியே கெடக்குது.”

மணிமாறன் நம்பவில்லை. ஆடியில் இறந்துபோன அவன் தாய் அம்சா, இவர்கள் தெருவில் கால் வைத்தவள் இல்லை. இவர்கள் வீட்டுத் தண்ணீரையும் குடித்தவள் இல்லை.

“எங்கம்மாவா? எதுக்கு?”

“நீங்க ரெண்டு பேரும் ஓடப்போறதுக்கு மொத நாளு, இவன் கையப் புடிச்சிக்கினு அழுதாங்களாம். ‘எனக்கு ஒரே புள்ள, அவன் போவக்கூடாது, எப்பிடியாவது தடுத்துடு. ஏன்னு அவங்கிட்ட சொல்லாத’ன்னு சத்தியம் வாங்கிக்கினாங்களாம். லீவுல வந்தப்ப எங்கிட்ட சொன்னான். அவங்க இருந்தவரைக்கும் நானும் வாயத் தொறக்கல.”

மணிமாறன் மலர்வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பிடும்போது அவன் புகழேந்தியைத் துரோகி என்று ஏசுவான். அம்மா பேசாமல் ரசம் ஊற்றுவாள். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்பாள்.

அவளை இனி எங்கே போய்க் கேட்பது?

“எனக்கும் இவன் ஒருத்தன்தான்” என்றாள் சவுரியம்மாள். “அது அன்னிக்கு அவங்களுக்கு ஞாபகம் வரல போல.”

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மாலைப் பூசைக்கு மணி அடித்தது. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். எல்லோரும் போனார்கள். பஸ்ஸில் வருகிறேன் என்று மணிமாறன் வேனை அனுப்பிவிட்டான்.

குழாயடியில் யாரோ விட்டுப்போன வாளியில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, நொண்டிக் காலை மடக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்து, பாசியைத் தேய்த்தான். தண்ணீர் தெளியும்வரை ஊற்றினான்.

மதிலை ஒட்டி, யார் கண்ணிலும் படாத பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்தான்.

பூசை முடிந்து சாமியார் கல்லறைகளுக்குத் தெளிக்கத் தீர்த்தத்தோடு வரும்போது அங்கே யாரும் இல்லை. சுண்ணாம்பு மட்டும் இன்னும் காயாமல் இருந்தது.